சும்மா போகிறவள்

சைக்கிளில் நெடுந்தூரம் போகும் ஆணைப் பார்த்தால் "எங்கேருந்து வர்றீங்க? எவ்வளவு தூரம்?" என்று கேட்பார்கள். அதே சாலையில், அதே மாதிரி சைக்கிளில், பின்னால் இரண்டு பைகளைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் போனால் முதல் கேள்வி வேறு: "எதுக்கு?" ஊர் எது, தூரம் எவ்வளவு, வண்டிக்கு எத்தனை கியர் என்பதெல்லாம் அதற்கப்புறம்தான். பல நேரங்களில் அந்தக் கேள்விகள் வருவதே இல்லை. "எதுக்கு?" என்பதற்குச் சரியான பதில் கிடைக்காததால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

பெண்கள் சாலைக்கு வராததற்கு வெயில், லாரி, உடல் வலு, பயம் என்று எத்தனையோ காரணங்கள் சொல்கிறார்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், வீட்டு வாசலிலேயே வழிமறித்து நிற்பது இந்த ஒற்றைச் சொல்தான் என்பது என் கட்சி. வேலைக்கு, ஆஸ்பத்திரிக்கு, கோயிலுக்கு, பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு, ரேஷன் கடைக்கு என்றால் கதவு திறக்கும். காரணமில்லாமல் போகிறேன் என்றால் திறக்காது.

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. நாற்பத்தொரு வயது. மேட்டூர் அணையிலிருந்து பூம்புகார் வரை காவிரிக் கரையோடு நான்கு நாள் தனியாகச் சைக்கிளில் போனேன். விடுப்பு விண்ணப்பத்தில் "சொந்த வேலை காரணமாக" என்று எழுதினேன். அலுவலகத்துக்கு அந்த மூன்று சொற்கள் போதுமானதாக இருந்தன. சாலைக்குப் போதவில்லை. மூன்றாம் நாள், திருவானைக்காவலிலிருந்து கும்பகோணம் வரை, ஏறக்குறைய 90 கிலோமீட்டர். காலை ஐந்தரைக்கும் மாலை ஐந்தரைக்கும் இடையில் பதினான்கு பேர் "எதுக்கு?" என்று கேட்டார்கள். ஒன்பது ஆண்கள், ஐந்து பெண்கள். எண்ணிக்கொண்டே போனேன். அவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒருவர் இளநீருக்குக் காசு வாங்க மறுத்தார், இன்னொருவர் பின் சக்கரத்துக்குக் காற்று அடித்துக் கொடுத்தார். நல்லவர்களும் சேர்ந்துதான் இந்தக் கேள்வியைக் காவல் காக்கிறார்கள் என்பதால்தான் இதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

அது ஆடி மாதம். பதினெட்டாம் பெருக்குக்குச் சில நாட்கள் இருந்தன. ஆற்றில் தண்ணீர் ஓடியது. மேல்காற்று முதுகைப் பிடித்துத் தள்ள, உத்தமர்சீலியின் வாழைத் தோட்டங்களைத் தாண்டிக் கிளிக்கூடு வழியாகக் கல்லணைக்குப் போகும் பாதை சைக்கிளுக்கென்றே போட்டது போல இருக்கும். கிழக்கே போகிற எனக்கு ஆடிக்காற்று கூலியில்லாத உதவியாள். இரண்டு பைகளில் மாற்றுடை, ஒரு டியூப், பஞ்சர் ஒட்டும் சாமான்கள், கைப்பம்பு, இரண்டு தண்ணீர் பாட்டில். ஆண் பயணியின் பையிலும் இவைதான் இருக்கும். கூடுதலாக என் பையில் ஒரு பொய்யும் இருந்தது. "பூம்புகாரில் அண்ணன் வீடு இருக்கிறது." யாராவது வற்புறுத்திக் கேட்டால் சொல்லச் சொல்லித் தோழி கொடுத்தனுப்பியது. நான் அதை வெளியே எடுக்கவில்லை.

இதே கரையில் எதிர்த் திசையில் நடந்து வந்தவள் கண்ணகி. புகாரிலிருந்து காவிரிக் கரையோடு மேற்கே வந்து, அரங்கத்தில் ஓடமேறித் தென்கரைக்குப் போய், உறையூர் வழியாக மதுரைக்குப் போனாள் என்கிறது சிலப்பதிகாரம். கூடக் கணவன் இருந்தான். கவுந்தி அடிகள் என்ற சமணத் துறவியும் துணைக்கு வந்தார். அவ்வளவு இருந்தும் தென்கரைச் சோலையில் வம்பர் இருவர் வந்து இவர்கள் யார் என்று கேட்டார்கள். என் மக்கள் என்று கவுந்தி சொல்ல, உடன்பிறந்தவர்களா கணவனும் மனைவியுமாக வாழ்வார்கள் என்று கேலி பேசினார்கள். அவர்களை நரியாகப் போகும்படி சபித்தார் கவுந்தி. சாபம் கொடுக்கத் துறவியைக் கூட்டிக்கொண்டு போக முடியாதவர்கள் என்ன செய்வது? பயணப் பெண்ணிடம் "கூட வர்றது யாரு?" என்று விசாரிக்கும் வழக்கம் இந்தக் கரையில் அத்தனை பழையது. கதையில் சபிக்கப்பட்டவர்கள் இரண்டு பேர்தான். கேள்வி தப்பித்துவிட்டது.

தனியாக அலைந்த பெண்கள் நம்மிடம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறார்கள். அவர்கள் சாலைக்கு என்ன விலை கொடுத்தார்கள் என்று பாருங்கள். ஔவை ஊர் ஊராகப் போவதற்கு முன் இளமையைக் கொடுத்துக் கிழவியானாள் என்று கதை சொல்கிறோம். காரைக்கால் அம்மையார் தசையை உதறிப் பேயுரு வாங்கிய பிறகே கயிலைக்குப் புறப்பட்டார். பெண்ணுடம்போடு பெண் வழிநடக்க நம் கதைகளுக்கே கற்பனை வரவில்லை. ஏன், காவிரிக்கே வரவில்லை. அகத்தியரின் கமண்டலத்துக்குள் அடைபட்டிருந்தவளைக் காக்கை தட்டிவிட்டதால்தான் அவள் வெளியே வந்து ஓடினாளாம். தாயென்று கும்பிடுகிற நதியும் தானாகக் கிளம்பினாள் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அதற்கும் ஒரு காக்கை தேவைப்பட்டது.

கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், புதாறு என்று தண்ணீர் நான்காகப் பிரியும். அங்கே சுற்றுலா வருகிறவர்களுக்குக் கழிப்பறை உண்டு. அதைத் தாண்டினால், கோவிலடியும் திருக்காட்டுப்பள்ளியும் கடந்து திருவையாறு போய்ச் சேரும் வரை, 30 கிலோமீட்டருக்கு மேல் என் கண்ணில் ஒன்றும் படவில்லை. வழியில் ஒரு பெட்ரோல் பங்க்கில் கேட்டேன். பூட்டியிருந்தது. சாவி முதலாளியிடம், முதலாளி ஊரில் இல்லை. நூறு அடி தள்ளி ஓர் ஆண் ஆற்றைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார், சாவியெல்லாம் தேவைப்படாதவராக.

ஆடி வெயிலில் நாள் முழுக்க மிதிக்கிற உடம்பு லிட்டர் கணக்கில் தண்ணீர் கேட்கும். குடித்தால் போக இடமில்லை. குடிக்காவிட்டால் தலைசுற்றல், சதைப்பிடிப்பு, நீர்க்கடுப்பு. பக்கத்தில் ஆறு கரைபுரண்டு ஓட, நாக்கு வறண்டு சைக்கிள் மிதிப்பது என்பது பெண் பயணியின் தனிச் சிறப்பு. இது எனக்கு மட்டும் உள்ள கஷ்டமில்லை. அந்த வயல்களில் நடவு நடுகிற அத்தனை பெண்களும் காலையில் டீயைப் பாதி குடித்து வைத்துவிட்டு வருகிறவர்கள். ஆடிப்பெருக்கன்று மட்டும் படித்துறைகளில் தற்காலிகக் கழிப்பறையும் உடை மாற்றத் தடுப்பும் காவலும் வரும். அன்றைக்குப் பெண்கள் காதோலை, கருகமணி, மஞ்சள் கயிறு, சித்திரான்னம் என்று கூட்டம் கூட்டமாக ஆற்றுக்கு வருவார்கள். அன்று அவர்களிடம் காரணம் இருக்கிறது. காரணத்தோடு வசதியும் வருகிறது. பத்தொன்பதாம் நாள் தடுப்பைப் பிரித்துவிடுகிறார்கள்.

திருக்காட்டுப்பள்ளிக்கு முன்னால் ஒரு புளிய மரத்தடியில், அறுபது வயது இருக்கும் ஓர் அம்மா, புல்லுக்கட்டை வைத்துக் கட்டிய சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார். பார் வைத்த பழைய ஆண்கள் சைக்கிள்.

"எங்கேருந்து வர்றே ஆயி?"

"மேட்டூர்லேருந்தும்மா. பூம்புகார் போறேன்."

"அங்க யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. ஆறு கடல்ல சேர்ற எடத்தப் பாக்கணும்."

அவர் ஆற்றைத் திரும்பிப் பார்த்தார். "இந்தத் தண்ணியிலதான் பொறந்து வளந்தேன். இது எங்க போயி முடியுதுன்னு நான் பாத்ததில்ல. ஆடி அமாவாசைக்கு எங்கூட்டு ஆம்பளைங்க போயி முழுக்குப் போட்டுட்டு வருவாங்க. நான் மாட்ட யாருகிட்ட வுட்டுட்டுப் போறது? சும்மா பாத்துட்டு வர்றேன்னு சொன்னா சிரிப்பாங்க."

எப்போது சைக்கிள் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். முப்பது வருஷம் ஆகிறதாம். தினமும் போகவர பத்து கிலோமீட்டர். வருடத்துக்கு 300 நாள் என்று வைத்துக்கொண்டாலும் 90,000 கிலோமீட்டர் வருகிறது. பூமியை இரண்டு முறை சுற்றி வந்த பிறகும் மிச்சமிருக்கும் தூரம் இது. நான்கு நாள் மிதித்த என்னை வழியில் பலர் "தைரியசாலி" என்றார்கள், இரண்டு பேர் செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். அந்த அம்மாவை யாரும் எதுவும் சொன்னதில்லை. அவர் சைக்கிளில் புல் இருக்கிறது. புல் காரணம். காரணத்தோடு போகிற பெண் கண்ணுக்குத் தெரியமாட்டாள், காரணமில்லாமல் போகிறவள் கண்ணை உறுத்துவாள். இவளுக்குக் கண்டனம் தரலாம், இல்லையென்றால் பாராட்டைத் தரலாம். இரண்டும் சொல்வது ஒன்றுதான்: நீ இங்கே இருப்பது இயல்பில்லை. எனக்கு அந்தப் பாராட்டு வேண்டாம். அந்த அம்மா பூம்புகாரைப் பார்க்க வேண்டும்.

சைக்கிள் இந்த மண்ணில் பெண்களுக்கு என்ன செய்தது என்பதற்குப் பக்கத்து மாவட்டமே சாட்சி. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். கல் குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடி ஊழியர்கள். பெண்கள் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள், முன்பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று. அவர்கள் சைக்கிள் விட்டபோது ஆபாசமாகப் பேசியவர்கள் இருந்தார்கள். பேச்சைக் காதில் வாங்காமல் மிதித்தார்கள். பத்திரிகையாளர் பி.சாய்நாத் இதை விரிவாக எழுதியிருக்கிறார்.

அரசு 2001-02இல் பட்டியலின, பழங்குடி மாணவிகளுக்கு விலையில்லாச் சைக்கிள் தரத் தொடங்கியது. பிறகு மாணவர், மாணவியர் எல்லோருக்குமாக அது விரிந்தது. ஆண்டுதோறும் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதை வரிசையில் நிற்கவைத்துக் கொடுக்கிறவர்களில் நானும் ஒருத்தி. அந்தச் சைக்கிள் எத்தனை பெண்களைப் பள்ளியில் தக்கவைத்தது என்று எனக்குத் தெரியும். அது எங்கே நிற்கிறது என்பதும் தெரியும். சனி, ஞாயிறு அதே சைக்கிளில் தம்பி கிரிக்கெட் ஆடப் போகிறான். அக்கா வீட்டில் இருக்கிறாள். பள்ளி முடிந்தால் சைக்கிள் அப்பாவுக்குப் போகிறது. சைக்கிள் அவள் பெயரில் வந்தது உண்மை. பள்ளிக்கூடம் என்ற காரணத்தோடு கட்டி வந்தது என்பதும் உண்மை. காரணம் முடிந்ததும் வண்டியும் கைமாறிவிடுகிறது.

2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமில்லாமல் போகலாம் என்று வந்தது. அதன் பெரிய அழகு பணம் மிச்சமாவது மட்டுமில்லை. நடத்துநர் எங்கே இறங்குகிறீர்கள் என்று கேட்பாரே ஒழிய, எதற்குப் போகிறீர்கள் என்று கேட்க முடியாது. அந்த வயிற்றெரிச்சல்தான் "பொம்பளைங்க வேலவெட்டி இல்லாம பஸ்ல சுத்துறாங்க" என்று டீக்கடைகளில் வெளிவந்தது. சுற்றினால்தான் என்ன? ஊர்சுற்றி என்பது ஆணுக்குச் செல்லப் பெயர், பெண்ணுக்கு வசவு. ராகுல் சாங்கிருத்தியாயன் 'ஊர்சுற்றிப் புராணம்' எழுதியபோது பெண்களும் ஊர் சுற்ற வேண்டும் என்று தனியாக வாதாட வேண்டியிருந்தது. மும்பையின் பொதுவெளிகளில் பெண்களைப் பற்றி ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே ஆகிய மூவரும் 2011இல் வெளியிட்ட 'ஒய் லாய்ட்டர்?' நூலும் இதைத்தான் காட்டுகிறது: தெருவில் நிற்கும் பெண் ஏதோ வேலையாக நிற்பதாகக் காட்டிக்கொண்டே நிற்கிறாள். மாநகரத்துக்குச் சொன்னது படித்துறைக்கும் பொருந்துகிறது.

திருவையாற்றில் படித்துறையில் அரைமணி நேரம் உட்கார்ந்தேன். மண்டப நிழலில் ஆண்கள் துண்டை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களை யாரும் எழுப்பி விசாரிக்கவில்லை. என்னிடம் ஒருவர் "பரிகாரத்துக்கு வந்தீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றதும் "அப்ப எதுக்கு?" என்றார். அங்கிருந்து சிறிது தூரத்தில் தியாகராஜர் சமாதி இருக்கிறது. பாழடைந்து கிடந்த அந்த இடத்தை 1920களில் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டியெழுப்பியவர் தேவதாசி மரபில் வந்த பெங்களூர் நாகரத்தினம்மாள். அங்கே ஆராதனையில் பெண்கள் பாடக் கூடாது என்றிருந்தது. 1927இல் பெண்களைத் திரட்டித் தனியாகவே ஆராதனை நடத்தினார் அவர். வாசலைக் கட்டியவளுக்கே உள்ளே போகப் போராட வேண்டியிருந்தது. பக்தி, சங்கீதம், செல்வம் என்ற மூன்று காரணங்களும் கையில் இருந்தவருக்கே அந்தக் கதி.

இனி "பாதுகாப்பு" என்கிற வாதத்துக்கு வருவோம். எல்லோரும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பார்கள். "உங்க நல்லதுக்குத்தானே சொல்றோம்."

தேர்தல் சமயத்தில் என்னைப் போன்ற ஆசிரியைகளை, பெயர்கூடக் கேட்டிராத ஊருக்கு அனுப்புகிறார்கள். முந்தின நாளே போய், வாக்குச்சாவடிப் பள்ளியின் தரையில் படுத்து, நள்ளிரவில் பெட்டியை ஒப்படைத்துவிட்டு, பேருந்து இல்லாத நேரத்தில் வீடு திரும்புகிறோம். அப்போது யாரும் பாதுகாப்பைப் பற்றிக் கேட்டதில்லை. செவிலியர்கள் இரவுப் பணிக்குப் போகிறார்கள். நடவுக்குப் போகும் பெண்களைச் சரக்கு வண்டியில் நிற்கவைத்து விடியுமுன் ஏற்றிப் போகிறார்கள். காரணம் அரசுடையதாகவோ முதலாளியுடையதாகவோ குடும்பத்துடையதாகவோ இருக்கும் வரை பெண்ணின் பாதுகாப்பு யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. அவள் தனக்காகக் கிளம்பும்போது மட்டும் அந்தக் கவலை ஓடி வந்து கையைப் பிடிக்கிறது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளைப் பாருங்கள். பெண்களுக்கு எதிரான குற்றங்களில் முதலிடத்தில் இருப்பது கணவனும் அவன் உறவினர்களும் செய்யும் கொடுமை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பாலியல் வல்லுறவு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்கு முன்பே தெரிந்தவர். ஆனாலும், "வீட்டிலேயே இருக்கிறாயே, பாதுகாப்பா?" என்று ஒரு பெண்ணிடமும் யாரும் கேட்பதில்லை. சாலையில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. சாலையில் ஆபத்து இருந்தால் விளக்குப் போடுங்கள், தொந்தரவு செய்கிறவனைப் பிடியுங்கள். சாலையைப் பெண்ணிடமிருந்து பிடுங்குவதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைக்காதீர்கள்.

அந்த ஆபத்தும் எல்லோருக்கும் ஒரே அளவில் பங்கிடப்படவில்லை. "எந்த ஊரு? ஊர்ல எந்தத் தெரு?" என்று என்னிடம் கேட்டவர்களும் உண்டு. இரண்டாவது கேள்வி சாதிக்கானது. ஆதிக்கச் சாதித் தெருவில் தலித்துகள் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போக வேண்டும் என்று வைத்திருந்த நாடு இது. அந்தத் தெருவில் ஒரு தலித் பெண் சும்மா சைக்கிள் விட்டுப் போவதற்கும், அரசு ஊழியை என்ற அட்டையோடு நான் போவதற்கும் நடுவில் உள்ள தூரத்தை எந்த வரைபடமும் காட்டாது. பெண்கள் சாலையைக் கேட்கும்போது அந்தத் தெருவையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

கபிஸ்தலம், சுவாமிமலை வழியாகக் கும்பகோணம் போய்ச் சேர்ந்தபோது மாலை ஐந்தரை. முதலில் ஏறிய விடுதியில் "தனியா வர்ற லேடீஸுக்கு ரூம் குடுக்குறதில்லீங்க" என்றார்கள். சட்டமா என்று கேட்டேன். "ரூல்ஸ்" என்றார் வரவேற்பில் இருந்த தம்பி. இரண்டாவது விடுதியில் ஆதாரும் பணி அடையாள அட்டையும் கொடுத்த பிறகும் "வீட்டு ஜென்ட்ஸ் நம்பர் ஒண்ணு குடுங்க, பேசிட்டுக் குடுக்குறோம்" என்றார்கள். ஒரு வாக்குச்சாவடியை நம்பி ஒப்படைக்கலாம், ஒரு கட்டிலும் மின்விசிறியும் ஒப்படைக்க என் தம்பியின் அனுமதி வேண்டும். நம்பர் தர மறுத்துவிட்டேன். மூன்றாவது இடத்தில் கல்லாவில் ஒரு பெண் இருந்தார். சைக்கிளை எங்கே நிறுத்த வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

தனியாக வரும் பெண்ணுக்கு அறை தரக் கூடாது என்று இந்த நாட்டில் எந்தச் சட்டமும் இல்லை. எதிர்மாறாக ஒன்று இருக்கிறது. மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் காரணமாக ஒருவரைக் கடைகள், உணவகங்கள், விடுதிகள், கிணறுகள், குளங்கள், நீராடும் துறைகள், சாலைகள் ஆகியவற்றிலிருந்து விலக்கக் கூடாது என்கிறது அரசமைப்பின் 15(2)ஆம் பிரிவு. விடுதி, படித்துறை, சாலை. என் மூன்றாம் நாள் முழுவதும் அந்த ஒரே பிரிவுக்குள் இருக்கிறது. 19ஆம் பிரிவு நாடு முழுக்கத் தடையின்றிப் போய்வரும் உரிமையைத் தருகிறது. எதற்குப் போகிறாய் என்று அது கேட்கவில்லை.

ஆகவே கோரிக்கைகளைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு படித்துறையிலும் பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும், ஆடி பதினெட்டுக்கு மட்டும் இல்லாமல் வருடம் முழுக்க, பூட்டில்லாமல். அடையாள அட்டை காட்டும் பெண்ணுக்கு அறை மறுக்கும் விடுதியின் உரிமத்தில் அதிகாரிகள் கைவைக்க வேண்டும். பள்ளிகள், சைக்கிள் கொடுத்த வருடமே மாணவிகளை அந்தச் சைக்கிளிலேயே ஒரு நாள் பக்கத்து ஆற்றையோ ஏரியையோ பார்க்க அழைத்துப் போக வேண்டும். கட்டுரை எழுதச் சொல்லாமல், பரிசு வைக்காமல். அவர்கள் காரணமில்லாத தூரத்தை ஒரு முறையாவது மிதித்துப் பார்க்கட்டும்.

மிச்சம் நாம் செய்ய வேண்டியது. "சும்மா" என்ற சொல்லைத் தமிழ் ஞானிகளுக்கு ஒரு பொருளிலும் நமக்கு வேறொரு பொருளிலும் கொடுத்திருக்கிறது. அவர்களுக்குச் சும்மா இருப்பது ஞானம். நமக்குச் "சும்மா இரு" என்பது வாய்ப்பூட்டு. விடியுமுன் எழுந்து படுக்கும் வரை உழைக்கிறவளை "வீட்ல சும்மாதான் இருக்கா" என்று சொல்கிறார்கள். செய்த வேலையைச் சும்மா என்று சொன்னவர்களிடமிருந்து அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கி, நாம் வேறு இடத்தில் பயன்படுத்தலாம். எதற்குப் போகிறாய் என்று கேட்டால் அண்ணன் வீடு, பரிகாரம், வேண்டுதல் என்று தேடவேண்டாம். நாம் சொல்கிற ஒவ்வொரு பொய்க் காரணமும் அடுத்து வருகிறவளிடம் ஒரு காரணம் கேட்கும் உரிமையை அவர்களுக்குக் கொடுக்கிறது. சும்மா போகிறேன் என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு நிற்காமல் மிதியுங்கள்.